சடை பிடித்த கம்பளி: கிர்கிஸ்தானில் எட்டு நாள்

ஜூலை 8, 2024, திங்கள் – பிஷ்கெக்

டில்லியில் ஏறி மூன்றரை மணி நேரத்தில் பிஷ்கெக். இறங்கும்போது 36 டிகிரி. மலைநாடு, குளிரும் என்று ஸ்வெட்டரைக் கையோடு வைத்திருந்தேன். ஆனால் இந்த நகரம் 800 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. தெற்கே தலையைத் தூக்கினால் பனி மூடிய மலைத்தொடர் தெரிகிறது, தெருவிலோ கோவையின் ஏப்ரல் வெயில்.

எதற்காக வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாக ஃபெல்ட் வேலை செய்கிறேன், அதைக் கிர்கிஸ் பெண்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் வந்தேன். இதற்குத் தறி வேண்டாம், பாவும் ஊடையும் வேண்டாம். கம்பளி மயிரை மெல்லிதாக அடுக்கி, வெந்நீரும் சோப்பும் விட்டு, மணிக்கணக்கில் தேய்த்துச் சுருட்ட வேண்டும். எண்ணெய் படாத தலை சடை பிடிக்கிற மாதிரி மயிர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கித் துணியாகிவிடும். ஒருமுறை சிக்கினால் பிரிக்கவே முடியாது. அதில் நான் சுவரில் மாட்டும் படங்கள் செய்கிறேன். வெறும் கம்பளியில் நிற்காமல் பழைய ஜார்ஜெட் புடவை, நைலான் வலை, திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துண்டு, ஜரிகை என்று கிடைத்ததையெல்லாம் உள்ளே வைத்துச் சேர்ப்பேன்.

பெட்டியில் இரண்டு பைகள். ஒன்றில் ஊட்டிப் பக்கம் வாங்கிய நீலகிரி ஆட்டுக் கம்பளி 400 கிராம். இன்னொன்றில் பாலியஸ்டரும் நைலானும். இரண்டாவது பையை வெளியே எடுப்பேனா என்று எனக்கே சந்தேகம். கிர்கிஸ் ஃபெல்ட் கம்பளங்களான அலா-கியிஸ், ஷிர்டாக் இரண்டையும் யுனெஸ்கோ 2012ல் உடனே காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அவை அழிவதற்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று, மலிவான செயற்கை இழைக் கம்பளங்கள் சந்தையை நிரப்பியது. அப்படிப்பட்ட ஊருக்கு நான் பை நிறையச் செயற்கை இழையோடு போகிறேன்.

இங்கே மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெரிந்தவர் மூலம் அறிமுகமான மூன்றாம் வருட மாணவர், மதுரைப் பக்கம், விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்தார். "அக்கா, ஓஷ் பஜாருக்குத் தனியாகப் போகாதீங்க, நான் வரேன்" என்று வந்துவிட்டார். தந்தூர் அடுப்பில் சுட்ட சம்சா ஒன்று 80 சோம். இப்போது ஒரு சோம் ஏறத்தாழ ஒரு ரூபாய்தான், கணக்குப் போட வேண்டிய வேலையே இல்லை. சம்சாவுக்குள் ஆட்டுக்கொழுப்பு. சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், ஆறினால் வாயில் மெழுகு பூசியது போலாகிறது. தெருவோரம் பீப்பாயில் விற்கும் மக்சிம் குடித்தேன். வறுத்த தானியத்தைப் புளிக்கவைத்த பானம். முதல் மடக்கிலேயே ஊரில் குடிக்கும் கம்பங்கூழின் நினைவு வந்துவிட்டது. வெங்காயம் மட்டும்தான் இல்லை.

ஒரு கடையில் சிவப்பு ஃபெல்ட் செருப்பு, 600 சோம். "நூறு சதவீதம் கம்பளியாம்" என்று மாணவர் மொழிபெயர்த்தார். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 9, செவ்வாய் – கொச்கோர்

பங்கு டாக்சியில் ஒரு இடம் 500 சோம். நாலு பேர் சேரும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு 200 கிலோமீட்டர், நடுவில் போவூம் பள்ளத்தாக்கு, இடப்பக்கமும் வலப்பக்கமும் மொட்டைப் பாறை, கீழே சூ ஆறு. ஓட்டுநர் வெள்ளை ஃபெல்ட் தொப்பி போட்டிருந்தார். அக் கல்பாக் என்று பெயர், உச்சியில் கூம்பி மலைபோல நிற்கும். வழியில் டீக்கடையில் அதைக் கழற்றியவர் பெஞ்சில் வைக்கவில்லை. இடம் தேடி உயரமான கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பின்சீட்டில் பக்கத்திலிருந்த அம்மா மடியிலிருந்த பையைத் திறந்து என் கையில் நாலு வெள்ளை உருண்டை வைத்தார். குருத். தயிரை வடித்து உப்புப் போட்டு வெயிலில் காயவைத்தது. கல் மாதிரி கெட்டி. வாயில் அடக்கிக்கொண்டால் அரை மணி நேரம் புளிப்பும் உப்புமாகக் கரைகிறது. மலைப்பாதை வளைவுகளில் எனக்கு எப்போதும் குமட்டும். இன்றைக்குக் குமட்டவில்லை.

கொச்கோர் மலைநடுவில் ஓர் ஊர், உயரம் 1,800 மீட்டர். வெயில் உண்டு, வெக்கை இல்லை. தங்கும் வீட்டில் ஓர் இரவுக்குக் காலை உணவோடு 1,200 சோம். வீட்டுக்காரப் பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இங்கே மூத்த பெண்ணை 'எஜே' என்று கூப்பிடுவார்கள், அக்கா என்பதுபோல. அவருக்கு நான் 'சிங்தி', தங்கை. அவருடைய மாமியாரை எல்லோரும் 'அபா' என்கிறார்கள். அபா என்றால் அம்மா! முதல் நாள் முழுக்க என் காது அதை அப்பா என்றே கேட்டது. பிஷ்கெக்கில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள், அவளுக்கு ஆங்கிலம் தெரியும். எங்கள் பேச்செல்லாம் அவள் வழியாகத்தான்.

இரவு சாப்பாட்டில் வட்டமான ரொட்டியைப் பிய்த்துவிட்டு மீதியைத் தலைகீழாக வைத்துவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அபா மட்டும் கையை நீட்டி மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டுத் தன் டீயைக் குடித்தார். டீக் கிண்ணத்தை இவர்கள் பாதிதான் நிரப்புகிறார்கள். குடித்து முடிக்க முடிக்க மறுபடி பாதி. விளிம்புவரை ஊற்றினால் குடித்துவிட்டுப் புறப்படு என்று அர்த்தமாகிவிடும் என்று மகள் சொன்னாள். சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் இரு கையாலும் முகத்தைத் தடவி எழுந்தார்கள். நானும் தடவிக்கொண்டேன்.

நடுக்கூடத்துத் தரையில் கிடந்தது ரோஜாப்பூ போட்ட மெஷின் கம்பளம், செயற்கை இழை. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கப் போனேன்.

ஜூலை 10, புதன் – கொச்கோர்

இன்று அலா-கியிஸ். 'கியிஸ்' என்றால் ஃபெல்ட், 'அலா' என்றால் பல வண்ணம் கலந்தது.

காலை ஏழு மணிக்கே முற்றத்தில் ஒரு மாட்டுத்தோலை விரித்து அதன்மேல் கம்பளியைக் கொட்டியிருந்தார் எஜே. இரண்டு கையிலும் மெல்லிய விளார்க் குச்சி. பறை அடிப்பதுபோலத் தாளம் தப்பாமல் அடிக்கிறார். அடிக்க அடிக்கப் புழுதியும் முள்ளும் கீழே உதிர, மயிர் பஞ்சாகப் பொங்குகிறது. ஆட்டுக்கொழுப்பு வாடை மூக்கை நிறைத்தது. நான் இதுவரை வாங்கிய மெரினோ ஆட்டுக் கம்பளியெல்லாம் ஆலையில் சுத்தம் செய்து சீவிச் சுருட்டி வந்தது, சோப்பு வாசனைதான் இருக்கும். பன்னிரண்டு வருட வேலையில் ஆட்டின் வாடையோடு கம்பளியைத் தொட்டது இதுதான் முதல் தடவை. வசந்தத்தில் கத்தரிப்பது நீள மயிர், இலையுதிர்காலத்தில் கத்தரிப்பது குட்டை. குட்டைதான் இறுக்கமாகப் பிடிக்கும் என்றார் எஜே.

தரையில் சிய் பாய். இங்கே மேய்ச்சல் நிலங்களில் ஆளுயரம் வளரும் ஒரு புல்லின் தண்டை வரிசையாக நூலால் கட்டியது. பத்தமடைக் கோரை மாதிரி மென்மை இல்லை, தட்டி போல விறைப்பு. அதன்மேல் கறுப்புக் கம்பளியை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினார். மேலே சாயம் போட்ட கம்பளியால் நேராகவே கோலம். பென்சில் கோடு கிடையாது, அளவும் கிடையாது. சிவப்புக் கம்பளியை விரலிடுக்கில் முறுக்கி இழுத்து வைக்க வைக்க, கிடாவின் கொம்பு உருவாகிறது. அந்த உருவுக்கு 'கொச்கோர் மூயூஸ்' என்று பெயர். கொச்கோர் என்றால் கிடா. ஊரின் பெயரும் அதே சொல்தான்.

பிறகு கொதிக்கும் தண்ணீரைத் துடைப்பத்தில் தொட்டுத் தெளித்து, பாயோடு சேர்த்து இறுக்கிச் சுருட்டி, சாக்கில் பொதிந்து, கயிறு கட்டினோம். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவர் வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிட்டதை நான் பார்க்கவில்லை. இப்படிக் கூலியில்லாமல் கூடிச் செய்வதற்கு 'அஷார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் கயிற்றை இழுக்க, மற்றவர்கள் சுருளை எட்டி உதைத்து உருட்ட வேண்டும். முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, மறுபடி இங்கே. ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒருவர் பாட ஆரம்பித்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு முழங்கால் நடுங்கத் தொடங்கியதும் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு என் இடத்தில் உதைக்கப் போனார்.

சுருளுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்டு மயிரைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓட்டு வீட்டுக் கூரைபோலச் செதில் மேல் செதிலாக இருக்கும். வெந்நீரும் சோப்பும் பட்டால் செதில் நுனிகள் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். அந்த நிலையில் அழுத்தி அசைத்தால் ஒவ்வொரு மயிரும் வேர்ப்பக்கமாகவே நகரும், திரும்பி வராது. சின்ன வயதில் புல் கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடுவோமே, ஏறிக்கொண்டே போகும், இறங்காது. அதே கதைதான். லட்சக்கணக்கான மயிர்கள் இப்படி ஒன்றை ஒன்று துளைத்துக்கொண்டு போவதால்தான் துணி இறுகுகிறது, சுருங்குகிறது. பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் எல்லாம் இடியாப்ப அச்சில் பிழிவதுபோலச் சிறு துளைகள் வழியாகப் பிழிந்தெடுத்த இழை. வழவழப்பு, செதில் இல்லை. வெந்நீரில் எவ்வளவு தேய்த்தாலும் தானாகச் சடை பிடிக்காது. முள் வைத்த ஊசியால் குத்திக் குத்தி வேண்டுமானால் சிக்கவைக்கலாம்.

பிரித்துப் பார்த்தபோது கொம்புகள் கறுப்புக்குள் வேர் விட்டிருந்தன, ஓரங்கள் புகைந்தாற்போல மங்கியிருந்தன. இதற்குப் பிறகும் சோப்பு நீர் விட்டு முழங்கையால் அழுத்தி ஒரு மணி நேரம். விரித்தபோது இரண்டு மீட்டர் நீளம், முடிந்தபோது ஒரு மீட்டர் நாற்பது. மதியம் மூன்றுக்குத்தான் சாப்பாடு: கையால் இழுத்த மாவு நூல், ஆட்டுக்கறி, குடைமிளகாய்க் குழம்பு. லக்மான். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

ஜூலை 11, வியாழன் – கொச்கோர்

இரவு 11 டிகிரி. கை இரண்டும் வீங்கிக் கிடந்தது. நல்லவேளை, இன்று உட்கார்ந்து பார்க்கிற வேலை.

ஷிர்டாக் செய்கிற முறையே வேறு. இரண்டு நிற ஃபெல்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே சாக்கட்டியால் எஜே ஒரே வீச்சில் வரைந்தார். ஒரு கால்பகுதி மட்டும் வரைந்து, மடித்துத் தட்டினால் சாக்கட்டித் தூள் அந்தப் பக்கமும் பதிந்துவிடுகிறது. வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இந்தக் கை தெரியும். பிறகு கூரான கத்தியால் இரண்டு அடுக்கையும் சேர்த்து வெட்டினார். சிவப்பில் வெட்டிய கொம்பு நீலத்தின் பள்ளத்தில் உட்காரும், நீலக் கொம்பு சிவப்பின் பள்ளத்தில். துணுக்குக்கூட வீணாவதில்லை. ஒரே வெட்டில் இரண்டு கம்பளம், ஒன்று மற்றொன்றின் எதிர்ப்பதிப்பு. எது உரு, எது பின்னணி என்று கண்ணால் தீர்மானிக்கவே முடியாது.

சேர்த்த இடத்தில் 'ஜெயெக்' என்ற நூலைப் பதித்துத் தைக்கிறார்கள். வலப்பக்கம் முறுக்கியது ஒன்று, இடப்பக்கம் முறுக்கியது ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தலைப்பின்னல் மாதிரி தெரியும். கடைசியாகக் கீழே ஒரு தடித்த ஃபெல்டை வைத்து முழுவதையும் சேர்த்துத் தையல். எஜேயின் மடியில் இருந்தது ஐந்து மாதமாக நடக்கிறது. விலை 28,000 சோம் சொல்லுவாராம். அதே அளவு மெஷின் கம்பளம் கடைவீதியில் 4,000.

கூடத்தில் ஏன் மெஷின் கம்பளம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பேரன் டீயைக் கொட்டுவான். ஷிர்டாக் மகளுக்கு" என்று சுவரோரம் மெத்தை அடுக்கின் நடுவில் மடித்து வைத்திருந்ததைக் காட்டினார். பாதுகாக்கப்படுகிற ஷிர்டாக் மெத்தை அடுக்குக்குள், மிதிபடுகிற பிளாஸ்டிக் தரையில். 4,000 சோம் கம்பளத்தை வாங்கியது குற்றம் என்று எந்த ஊர் அறிக்கையும் அவரிடம் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது.

சாயம் பற்றியும் பேசினோம். பொட்டலத்தில் வரும் ரசாயனத் தூள்தான் அவருடைய அம்மா காலத்திலிருந்தே. வேர்ச்சாயம், வெங்காயத்தோல், வால்நட் தோல் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கேட்பதால் மறுபடி செய்கிறார். மங்கிய நிறங்களைத்தான் அவர்கள் 'அசல்' என்று வாங்குகிறார்களாம். எஜேக்குப் பிடித்தது கண்ணைப் பறிக்கும் சிவப்பு. குளிர்காலத்தை வெள்ளைப் பனியில் கழிப்பவர்கள் வேறு எந்த நிறத்தை விரும்புவார்கள்?

மாலையில் என் புதுச் செருப்பைப் பார்த்து எஜே நின்றார். குனிந்து ஓரத்திலிருந்து ஒரு இழையைப் பிடுங்கி, தீக்குச்சி கிழித்தார். அது சுருண்டு, கறுத்து, கடுகளவு மணியாக உருண்டுவிட்டது. பிளாஸ்டிக் நாற்றம். பிறகு தன் கூடையிலிருந்து ஒரு மயிர். தயங்கித் தயங்கி எரிந்தது, முடி கருகிய வாடை, நசுக்கினால் சாம்பல். பேச வேண்டியிருக்கவில்லை. இந்தச் சோதனையை நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கடையில் ஓர் இழை பிடுங்கிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று இரவு முழுக்க மனசு அடித்துக்கொண்டது. எஜேயும் அவ்வளவு கசப்போடு பேசி நான் கேட்டதில்லை: "பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக் என்று விற்கட்டும். அதைக் கம்பளி என்று விற்பவன்தான் என் கையை வெட்டுகிறான்."

ஜூலை 12, வெள்ளி – கொச்கோர்

விடிந்ததிலிருந்து மழை. முற்றத்து வேலை இல்லை. இன்றைக்குத்தான் இரண்டாவது பையைத் திறந்தேன்.

மேசையில் பரப்பியதும் மகள் ஓடி வந்தாள். அபா தூர இருந்தே பார்த்தார். முதலில் நீலகிரிக் கம்பளியை எஜே கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் உருட்டினார், நாக்கில் எச்சில் தொட்டு மறுபடி உருட்டினார். அரை நிமிடத்தில் சிறு பந்து. "நல்ல ஆடு" என்றார். அந்த ஆட்டின் கதையைச் சொன்னேன்: 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மெரினோ, செவியட் கிடாக்களும் கோயம்புத்தூர் ஆடும் கலந்து மலையில் உண்டான இனம், இப்போது எண்ணிக்கை குறைந்துவிட்டது, ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் அரசு ஆராய்ச்சி நிலையம் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். "எங்கள் கம்பளம் மாதிரியா?" என்று மகள் கேட்டாள்.

அடுத்தது செயற்கைத் துணி. இரண்டு துண்டு அடுக்கினோம். ஒன்றில் பாலியஸ்டர் ஜார்ஜெட்டும் நைலான் வலையும். மற்றதில் வழவழப்பான பாலியஸ்டர் சாட்டின், ஒரு நல்ல கத்தரிப்பூ நிறம், அந்த நிறத்துக்காகவே எடுத்து வந்தது. இரண்டு மணி நேரம் தேய்த்த பிறகு ஜார்ஜெட் துண்டு அருமையாக வந்தது. கம்பளி துணியின் கண்கள் வழியாக நுழைந்து மறுபக்கம் எட்டிப்பார்த்தது. கம்பளி சுருங்கியது, செயற்கைத் துணி சுருங்க மறுத்தது, அதனால் மேல்பரப்பு முழுக்கச் சிறு சிறு மடிப்பாக, வற்றிய குளத்துச் சேறு வெடிப்பதற்கு முன்னால் அலையலையாக நிற்குமே, அப்படி எழுந்தது. இதற்காகத்தான் எனக்குச் செயற்கை இழை வேண்டும். கம்பளி மட்டும் போட்டால் இந்தப் பிடிவாதம் கிடைக்காது.

சாட்டின் தோற்றது. ஓரத்தைப் பிடித்ததும் முழுசாக உரிந்து வந்துவிட்டது, வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி. நெருக்கமான நெசவு, மயிர் நுழைய இடமில்லை. துணியை வாயில் வைத்து ஊத வேண்டும், மூச்சு மறுபக்கம் போனால்தான் கம்பளியும் போகும். இந்த விதி எனக்குத் தெரியும். நிறத்தின் ஆசையில் மீறிவிட்டேன். எஜே உரிந்த துணியை எடுத்துக் கத்தரியால் விரல் அகலப் பட்டைகளாக வெட்டினார், இடைவெளி விட்டு வைத்தார், மேலே சிலந்தி வலை அளவுக்கு மெல்லிசாக நீலகிரிக் கம்பளியைத் தூவினார். வெந்நீர், தேய்ப்பு. இந்தத் தடவை பட்டையின் இருபுறமும் இருந்த கம்பளி மேலே கை கோத்துக்கொண்டது. கத்தரிப்பூ நிறம் அடியில் பனிக்குள் இருப்பதுபோலத் தெரிகிறது. பிடிக்கிற வேலையைக் கம்பளிதான் செய்ய வேண்டும், மற்றதெல்லாம் பிடிபட்டு நிற்க வேண்டும் என்றார் எஜே. இதை நான் இத்தனை வருடத்தில் இவ்வளவு நேராகச் சொல்லிக்கொண்டதில்லை. என் பழைய படங்களில் எவையெல்லாம் ஓரம் பிரிந்தன என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எல்லாமே செயற்கைத் துணியை நடு ஆளாக நிறுத்தியவை.

அப்போதுதான் அபா எழுந்து போய் ஒரு பழைய ஷிர்டாக்கோடு வந்தார். நடுவில் தேய்ந்து, ஓரம் பூச்சி அரித்தது. ஒரு மூலையைக் காட்டினார். மற்ற இடத்திலெல்லாம் சிவப்பு ஜெயெக் மங்கி, பழைய செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த ஒரு முழ நீளம் மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல ரத்தச் சிவப்பு. சோவியத் யூனியன் உடைந்த பிறகு வந்த 1990களின் நெருக்கடிக் காலத்தில் ஆடும் இல்லை, நூலும் இல்லை. கிழிந்த அக்ரிலிக் ஸ்வெட்டரைப் பிரித்து அதை முடித்தாராம். முப்பது வருட வெயில் அதை ஒன்றும் செய்யவில்லை. "இது மட்டும் எங்களோடு கிழமாகவில்லை" என்று மகள் மொழிபெயர்த்தாள்.

மழைச் சத்தத்தில் வெகுநேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுருங்காது, மங்காது, பூச்சி தொடாது. இவற்றையெல்லாம் நான் செயற்கை இழையின் வசதியாக மட்டுமே நினைத்து வந்திருக்கிறேன். பத்து வருடம் கழித்து என் படத்தில் எது எதைவிட்டு விலகி நிற்கும் என்று யோசித்ததே இல்லை. அந்தச் சிவப்பு முழம் அபாவுக்கு அசிங்கமாகத் தெரியவில்லை. அந்த வருடத்தை அவர் அதை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். அப்படியானால் மங்காமல் நிற்க வேண்டிய இடம் எது என்று தெரிந்துகொண்டு வைக்க வேண்டும்.

ஜூலை 13, சனி – கால்நடைச் சந்தை, சோங்-குல்

சனிக்கிழமைக் காலையில் கொச்கோரில் கால்நடைச் சந்தை. ஐந்தரைக்கே கூட்டம். மழைச் சேறு கணுக்கால்வரை. இங்கத்து ஆடுகளுக்குப் பின்னால் கொழுப்பு மூட்டை தொங்குகிறது, வாங்குபவர்கள் அதைப் பிடித்துத் தூக்கித்தான் விலை பேசுகிறார்கள். ஒரு நல்ல ஆடு 14,000 சோம். கம்பளிக்கு என்ன விலை என்று கேட்டால் சிரிக்கிறார்கள். கத்தரிக்கிற கூலிகூடத் தேறாதாம், மலிவுக்குத் தள்ளிவிடுவது அல்லது குழியில் போடுவது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் நல்ல கம்பளி தேடி அலைகிறார்கள். நடுவில் கழுவிச் சீவிக் கொடுக்க ஆள் இல்லை. என் ஊரில் நீலகிரிக் கம்பளிக்கும் இதே நிலைதான், அதனால் சிரிப்பு வரவில்லை.

பத்து மணிக்கு ஜீப்பில் சோங்-குல் ஏரிக்கு. கணவாய் 3,400 மீட்டருக்கு மேல். ஏரி 3,016 மீட்டரில். மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. புல், குதிரை, நீலத் தண்ணீர், வெள்ளை முட்டைபோல யூர்ட் வீடுகள், அதாவது ஃபெல்ட் போர்த்திய வட்டக் கூடாரங்கள். சாயங்காலத்துக்குள் தலை விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்துவிட்டது. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. யூர்ட் வீட்டு அம்மா கேட்காமலே பூண்டும் சூடான டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் காலணியைக் கழற்றிக் காலைக் கம்பளியில் சுற்றினார்.

ஜூலை 14, ஞாயிறு – சோங்-குல்

இரவு இரண்டு மணிக்கு ஆலங்கட்டி மழை. ஜூலையில்! யூர்ட்டின் உச்சியில் வட்டத் திறப்பு உண்டு, துந்துக் என்பார்கள், இந்த நாட்டுக் கொடியின் நடுவில் இருப்பது அதுதான். யாரோ வெளியே ஓடிப்போய்க் கயிற்றை இழுத்து அதை மூடினார்கள். விரலளவு தடித்த ஃபெல்டுக்கு உள்ளே படுத்துக்கொண்டு ஆலங்கட்டி விழுவதைக் கேட்டேன். ஓட்டின் மேலோ தகரத்தின் மேலோ விழும் சத்தமில்லை. பக்கத்து அறையில் யாரோ மாவு பிசைவதுபோலப் பொத் பொத் என்று. வெளியே ஒரு டிகிரி இருக்கும். உள்ளே சாண அடுப்பு அணைந்த பிறகும் மூக்கு நுனி சில்லிடவில்லை.

காலையில் வெளியே வந்து பார்த்தால் யூர்ட்டின் வடக்குப் பக்கம் ஃபெல்டின் மேல் நீலத் தார்ப்பாய். இரவில் வரும்போது கவனிக்கவில்லை. முதலில் மனம் சுருங்கத்தான் செய்தது, படம் எடுக்க வந்தவர்கள் அந்தப் பக்கத்தைத் தவிர்த்து நின்றார்கள். நனைந்த ஃபெல்ட் கல்லாகக் கனக்கும், காய நாலு நாள் ஆகும், மழை வரும் திசைக்கு மட்டும் பாய் என்றார் வீட்டுக்காரர். தார்ப்பாய் மட்டும் இருந்தால் விடிவதற்குள் விறைத்துப்போயிருப்போம், ஃபெல்ட் மட்டும் இருந்தால் நாளைக்கு மூட்டை கட்டிப் புறப்பட முடியாது. அந்தப் பக்கத்தைத்தான் நான் நிறையப் படம் எடுத்தேன்.

தலைவலி மதியத்தில் விட்டது. குதிரைப் பால் புளித்த கிமிஸ் ஒரு கிண்ணம். பாத்திரத்தைப் புகையில் காட்டி வைப்பதால் புகை வாசனையோடு சுருக்கென்று இறங்குகிறது. புளித்த மோர் குடித்துப் பழகிய வாய்க்குக் கஷ்டமில்லை.

ஜூலை 15, திங்கள் – கொச்கோர், பிஷ்கெக்

மதியம் கொச்கோரில் ஒரு மணி நேரம்தான். என் இரண்டு துண்டும் காய்ந்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஜார்ஜெட் துண்டின் ஓரம் முழுக்க எஜே ஜெயெக் வைத்துத் தைத்திருந்தார், இரவு உட்கார்ந்து. மூன்று பக்கம் வேர்ச்சாயம் போட்ட கம்பளி நூல். நாலாவது பக்கம் மட்டும் பளீரென்ற சிவப்பு. தொட்டதும் தெரிந்தது, அக்ரிலிக். அபா கதவருகில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குப் பணம் நீட்டினால் எஜே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மிச்சமிருந்த நீலகிரிக் கம்பளியைக் கொடுத்தேன், இரு கையாலும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது டீக் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 3, சனி – கோவை

இன்று காலை மகள் படம் அனுப்பினாள். புது அலா-கியிஸ், முற்றத்தில் விரித்துக் காய்கிறது. கறுப்புக்கு நடுவே கிடாக்கொம்பு, அதன் உள்வளைவில் மட்டும் பாலாடை வெள்ளை. அது நம் மலையின் கம்பளி. கீழே ஒரு கேள்வி: அந்த ஆடுகள் பனி பார்த்திருக்குமா என்று அபா கேட்கிறாராம்.

பனிமழை கிடையாது, டிசம்பரிலும் ஜனவரியிலும் விடியற்காலையில் உறைபனி விழும், வெயில் ஏறும்வரை புல்வெளி முழுக்க வெளுத்திருக்கும், ஆடுகள் அதன்மேல் நடந்துதான் மேயப் போகும் என்று பதில் எழுதினேன்.